தேவையில்லாவிட்டாலும் எடுக்க வேண்டுமா?

கேள்வி: அமெரிக்காவில் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு 2026இல் 73 வயது நிறைகிறது. செலவுக்குப் பென்ஷனே போதும் என்றாலும், ஐ.ஆர்.ஏ. ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து பணம் எடுத்தே ஆக வேண்டுமா?
– வாசகர், நியூ ஜெர்சி

பதில்: ஆண்டுதோறும் ஒரு குறைந்தபட்சத் தொகையை எடுத்தே ஆக வேண்டும். சேமித்த காலத்தில் வரியைத் தள்ளிவைக்க அனுமதித்த அரசு, அதை என்றென்றைக்கும் விட்டுவிடாது என்பதே இந்த விதியின் அடிப்படை. முந்தைய ஆண்டு டிசம்பர் 31 அன்று கணக்கில் இருந்த தொகையை, வருமானவரித் துறையின் ஆயுட்கால அட்டவணையில் உங்கள் வயதுக்குரிய எண்ணால் வகுக்க வேண்டும். 73 வயதுக்கு அந்த எண் 26.5 என்பதால், இருப்பு 5,30,000 டாலராக இருந்தால் 20,000 டாலர் எடுக்க வேண்டும்; வழக்கமான ஐ.ஆர்.ஏ. கணக்கில் அது சம்பளத்தைப் போலவே வரிக்குரிய வருமானமாகும்.

முதல் முறை மட்டும் 2027 ஏப்ரல் 1 வரை அவகாசம் உண்டு. ஆனால் அப்படித் தள்ளிப்போட்டால், அதே ஆண்டு டிசம்பருக்குள் இரண்டாவது தொகையையும் எடுக்க நேர்ந்து, இரண்டும் ஒரே ஆண்டு வருமானத்தில் சேர்ந்து வரி விகிதத்தையும் பின்னாளில் மெடிகேர் என்னும் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டின் பிரீமியத்தையும்கூட உயர்த்தக்கூடும் என்பதால், இந்தச் சலுகையைப் பலருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. எடுக்கத் தவறினால், எடுக்காமல் விட்ட தொகையில் 25 சதவீதம் அபராதம். உரிய காலத்தில் சரிசெய்தால் 10 சதவீதம்.

பணம் உண்மையிலேயே தேவையில்லை என்றால், தகுதியுள்ள அறக்கட்டளைக்குக் கணக்கிலிருந்தே நேரடியாக அனுப்பலாம். உச்சவரம்புக்கு உட்பட்ட அந்தத் தொகை, நீங்கள் கட்டாயம் எடுக்க வேண்டிய தொகையில் கழிக்கப்படும். வரிக்குரிய வருமானத்தில் சேராது. உங்கள் பெயரிலேயே தொடங்கிய ராத் ஐ.ஆர்.ஏ. (வரி கட்டிய பணத்தைப் போட்டுச் சேமிக்கும் கணக்கு) இருந்தால், உங்கள் ஆயுள்வரை அதற்கு இந்த விதி பொருந்தாது.