கறித்தூள் தொழிலுக்குப் போகும் மகள் எந்தச் சிறப்புப் பாடம் எடுக்கலாம்?

அன்புள்ள அம்மா,

மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கிறாள். சிறப்புக் கற்கையைத் தெரிவுசெய்யும் நேரம் வந்துவிட்டது. அவளோ உத்தியோகம் வேண்டாம், வீட்டுக் கறித்தூள் தொழிலைப் பெரிதாக்கப் போகிறேன் என்று நிற்கிறாள் என எழுதியிருந்தீர்கள். "சொந்தத் தொழில்தானே, எதைப் படிச்சால் என்ன?" என்று உறவினர்கள் சொல்கிறார்களாம். தயவுசெய்து அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வேலைக்குப் போகிற பிள்ளை பிழை விட்டால் திருத்த மேலதிகாரி இருப்பார். முதலாளிக்கு அப்படி ஒருவரும் இல்லை.

கணக்கீட்டைச் சிறப்புப் பாடமாக எடுக்கட்டும். விருப்பப் பாடங்களுக்கு இடமிருக்கும் போதெல்லாம் சந்தைப்படுத்தலைச் சேர்க்கட்டும். எதோடு எதை எடுக்கலாம் என்பதைப் பீடத்தின் கைநூலில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஏன் கணக்கீடு என்று பார்க்க உங்கள் தூளையே எடுப்போம். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம் எல்லாம் சேர்த்து 10 கிலோ, விலை 10,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். வறுத்து, மில்லில் அரைத்துக் கொண்டுவரும்போது 9 கிலோதான் மிஞ்சினால், கிலோவின் அடக்கவிலை 1,000 ரூபா அல்ல, 1,111 ரூபா. இன்னும் அரைகூலி, விறகு அல்லது காஸ், பைக்கற், லேபல் இருக்கின்றன. இத்தனைக்கும் மேலே உங்கள் உழைப்பு. அதற்குக் கூலி போடாமல் விலை வைக்கும் வீடுகளை நான் நிறையப் பார்க்கிறேன், மனம் வருந்துகிறது. லாபம் என்று அவர்கள் நினைப்பது அந்த அம்மாவின் சம்பளமில்லாத வேலைதான்.

அடுத்தது கடன். கடைக்காரர் நூறு பைக்கற் வாங்கி, காசு அடுத்த மாதம் என்பார். கொப்பியில் லாபம் தெரியும், ஆனால் நாளைக்குச் செத்தல் வாங்கக் கையில் காசு இராது. நன்றாக விற்கும் தொழில்கள்கூட இந்த இடத்தில்தான் படுக்கின்றன. இரண்டு பேரை வேலைக்கு எடுத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் கட்ட வேண்டும். ஒருவருக்குச் சம்பளம் 40,000 ரூபா என்றால் அதற்கு மேல் மாதம் 6,000 ரூபா. விலை போடும் நாளிலேயே இதெல்லாம் மகளின் தலையில் ஓட வேண்டும்.

கணக்கு மட்டும் தெரிந்தால் போதுமா? போதாது. யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு தூள் இடிக்கிறோம். உங்கள் பைக்கற்றை ஒருவர் ஏன் எடுக்க வேண்டும், கொழும்பு வெள்ளவத்தையில் வாங்குபவர் எந்த அளவு பைக்கற் கேட்கிறார், வெளிநாட்டில் இருப்பவருக்கு எப்படி அனுப்புவது என்று யோசிக்கச் சந்தைப்படுத்தல் பழக்கும். மனிதவள முகாமைத்துவம் நல்ல பாடம்தான். ஆனால் இரண்டு மூன்று பேரோடு தொடங்கும் தொழிலுக்கு அது முதல் தேவையல்ல. சிங்களம் பேசப் பழகட்டும். கொழும்பு மொத்த வியாபாரியோடு தானே விலை பேச முடிய வேண்டும்.

உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. தொழில் சரிவராவிட்டால் பிள்ளை என்ன செய்வாள் என்பதுதானே? கணக்கீடு படித்தவளுக்கு வங்கி, கணக்காய்வு நிறுவனம், கூட்டுறவுச் சங்கம் என்று போக வழி இருக்கிறது. விரும்பினால் பட்டயக் கணக்காளர் பரீட்சைக்கும் தொடரலாம். அதனால் அவளுடைய ஆசைக்கும் உங்கள் நிம்மதிக்கும் இந்தத் தெரிவு ஒத்துவரும்.

தெரிவுப் படிவம் கொடுக்க முன் ஒரு வேலை செய்யுங்கள். இந்த மாதத் தூள் கணக்கை முழுதாக மகளிடம் விடுங்கள். வாங்கியது, வறுத்த பின் நிறை, கடைகள் தர வேண்டிய காசு, உங்கள் கூலி எல்லாவற்றையும் அவளே எழுதட்டும். மாத முடிவில் அந்தக் கொப்பியோடு இருவரும் என்னிடம் வாருங்கள்.