ஒரு மீட்டர் தடிமனுள்ள மரங்களை மல்ச்சர் இயந்திரத்தாலேயே முழுதாக அரைத்து அகற்ற முடியுமா?

முடியும். ஆனால் மரம் நின்றுகொண்டிருக்கும்போதே அரைத்துத் தரச் சொன்னால் நான் மாட்டேன் என்றுதான் சொல்வேன். இந்த இயந்திரத்தை ஓட்டுவதுதான் என் தொழில். புதர் மண்டிய நிலத்தில் நடுநடுவே பெரிய மரங்களும் நிற்கின்றன, ரம்பமே இல்லாமல் மல்ச்சரை மட்டும் வைத்து வேலையை முடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காரணத்தோடு சொல்கிறேன்.

மல்ச்சரின் முன்னால் ஒரு கனத்த இரும்பு டிரம் இருக்கும். அதைச் சுற்றிலும் பற்கள். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றி, மரத்தைச் சிராய் சிராயாகப் பிய்த்துப் போடும். செயின்சா, அதாவது இயந்திர ரம்பம், மரத்தில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலத்தை மட்டும் தூளாக்குகிறது, அதற்கே மரம் சாய்ந்துவிடுகிறது. மல்ச்சரோ அடியிலிருந்து நுனி வரை அத்தனையையும் தூளாக்கியாக வேண்டும். இங்கேதான் கணக்கு உதைக்கிறது. மரத்தின் தடிமன் இரண்டு மடங்கானால் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்காகும். 20 சென்டிமீட்டர் மரத்தோடு ஒப்பிட்டால் ஒரு மீட்டர் மரத்தில், ஒவ்வொரு அடி உயரத்துக்கும் 25 மடங்கு கட்டை இருக்கிறது. அதே இயந்திரம், அதே டீசல், 25 மடங்கு வேலை.

ஸ்கிட் ஸ்டியர் என்ற சின்ன லோடர் வண்டியில் மாட்டும் 100 குதிரைத்திறன் அளவிலான மல்ச்சர் 15, 20 சென்டிமீட்டர் மரங்களைச் சுலபமாகத் தின்றுவிடும். இதற்கென்றே செய்த, 300 முதல் 600 குதிரைத்திறன் வரையுள்ள, டயருக்குப் பதில் செயின் பட்டையில் ஓடும் வண்டிகள் 40, 50 சென்டிமீட்டர் மரத்தையும் சமாளிக்கும். அதற்கு மேல் போனால் இயந்திரம் வேலை செய்வதைவிட மூச்சு வாங்கும் நேரம்தான் அதிகம். கட்டைக்குள் டிரம்மை அழுத்த அழுத்த அதன் சத்தம் தாழ்ந்துகொண்டே வரும். நல்ல ஓட்டுநர் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பின்வாங்கி, சுற்று மறுபடி ஏறும்வரை காத்திருந்து, அப்புறம் அடுத்த கடி கடிப்பார். பொறுமையில்லாமல் அழுத்தினால் டிரம் நின்றுபோகும், ஹைட்ராலிக் ஆயில் கொதிக்கும். நாள் முழுக்க இப்படி ஒரே மரத்தோடு மல்லுக்கட்டுவதில் யாருக்கும் லாபமில்லை.

நேரமும் டீசலும்கூடப் போகட்டும், எனக்குப் பெரிய கவலை பாதுகாப்புதான். செயின்சாவால் மரம் வெட்டுகிறவர் விழ வேண்டிய பக்கத்தில் வாய் திறந்த மாதிரி ஒரு துண்டை வெட்டி எடுப்பார், எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்து வருவார், நடுவில் ஒரு பட்டை அளவு மரத்தை அறுக்காமல் விடுவார். அந்தப் பட்டை கதவுக் கீல் மாதிரி பிடித்துக்கொண்டு மரத்தைச் சொன்ன பக்கம் சாய வைக்கும். மல்ச்சர் அடிமரத்தைக் கடித்துக்கொண்டே போகும்போது அப்படி எதுவும் மிஞ்சாது. எந்தப் பக்கம் பாரம் அதிகமோ அந்தப் பக்கம் மரம் விழும், அது கேபின் இருக்கும் பக்கமாகவும் இருக்கலாம். பட்ட கிளை இருந்தால் இன்னும் மோசம். கீழே டிரம் அதிரும்போது மேலே கிளை ஒடிந்து நேராகத் தலைக்கு மேல் வரும். கேபின் கூரை எவ்வளவு உறுதியாக இருந்தாலும், பச்சை மரத்தில் ஒரு மீட்டர் தடிமன், ஒரு மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டே சுமார் முக்கால் டன் கனக்கும் என்பதை மறக்கக் கூடாது.

எக்ஸ்கவேட்டர் கையில் மல்ச்சரை மாட்டி உச்சியிலிருந்து கீழே அரைத்து வரலாமே என்று கேட்பீர்கள். நடுத்தர மரங்களுக்கு அது நல்ல முறை. மிக உயரமான மரத்தில் கை உச்சிக்கே எட்டாது.

நான் செய்யும் வரிசை இது. முதலில் பெரிய மரங்களைச் சுற்றியுள்ள புதரையும் சிறு மரங்களையும் மல்ச்சரால் அரைத்துவிடுவேன். ரம்பம் பிடிப்பவருக்குத் தடுக்காமல் ஓடி விலக வழி வேண்டும், அவர் உயிர் அதில் இருக்கிறது. அப்புறம் அவர் மரத்தைச் சாய்ப்பார். அடிமரத்தை அறுத்து மரமாகவே விற்க முடிந்தால் விற்றுவிடுங்கள், பல வருடம் வளர்ந்த மரத்தைத் தூளாக்குவது எனக்கு மனசு கேட்காத காரியம். மிஞ்சிய கிளைகளையும் உச்சியையும் மல்ச்சர் சுலபமாக முடித்துவிடும். அடிக்கட்டைக்கு, அதை அரைக்கவே செய்த ஸ்டம்ப் கிரைண்டர்தான் சரி. சரிவான நிலமென்றால் கட்டையைத் தரையோடு அறுத்துவிட்டு வேரை விட்டுவிடுவது மேல், மண் அரிக்காது.

முழு மரத்தையும் அரைத்தே தீருவேன் என்றால் அந்தத் தூள் எங்கே போகும் என்று முதலில் யோசியுங்கள். ஒரு பெரிய மரத்தில் எட்டு கன மீட்டர் கட்டை இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், சில்லுகளானதும் அது சுமார் 20 கன மீட்டராக உப்பிவிடும். 10 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினாலே 200 சதுர மீட்டரை அடைக்கும். மூடாக்கு நல்லதுதான், ஆனால் அதற்கு மேல் கனமாகக் கிடந்தால் கீழே விதை முளைக்காது. மண்ணோடு கலந்து உழுதுவிட்டால் கட்டை மட்கும்வரை நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், அந்த இடத்தில் பயிர் வெளிறிப்போகும். காய்ந்த குவியலில் தீப்பிடித்தால் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும்.

தீ இயந்திரத்துக்கும் எமன். எக்ஸாஸ்ட் பக்கமும் அடித்தட்டிலும் தூள் அடைந்துகொள்ளும். காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் நான் இயந்திரத்தை விட்டு நகர்வதில்லை, நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்து பார்ப்பேன். சில்லுகள் 100 மீட்டர் தூரம்கூடப் பறக்கும், அதனால் அந்தத் தூரத்துக்குள் ஒருவரும் இருக்கக் கூடாது. வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை விரட்ட ஓர் ஆளைத் தனியாகவே நிறுத்துங்கள்.

வயதான மரங்களில் இன்னொரு தொல்லை உண்டு. எப்போதோ அடித்த ஆணி, கட்டிய வேலிக்கம்பி எல்லாவற்றையும் விழுங்கி மேலே பட்டை மூடியிருக்கும். கத்தி போன்ற கூரான பல் வேகமாக வெட்டும், தூளும் மெல்லியதாக வரும், ஆனால் ஆணியிலோ கல்லிலோ பட்டால் மழுங்கிவிடும். கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளாலான பல் மெதுவாகத் தின்றாலும் தாக்குப்பிடிக்கும். கம்பி டிரம்மின் ஓரத்தில் சுற்றிக்கொண்டால் அங்கே ஆயில் கசியாமல் தடுக்கும் ‘சீல்’ வளையத்தைக் கிழித்துவிடும், உடனே நிறுத்தி எடுக்க வேண்டும்.

பொந்துள்ள மரம் இருந்தால் அதில் பறவையோ வௌவாலோ குடியிருக்கிறதா என்று பாருங்கள். குடியிருந்தால் அந்த மரத்தை விட்டுவிட்டுச் சுற்றி அரைக்க முடியுமா என்று ஓட்டுநரிடமே கேளுங்கள், பெரும்பாலும் முடியும். மரம் வெட்ட அனுமதி தேவையா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். ஆளைப் பேசும்போது இயந்திரத்தின் குதிரைத்திறன் என்ன, எந்தப் பல் போட்டிருக்கிறது, மரம் சாய்க்கத் தெரிந்த ரம்ப ஆள் கூட வருகிறாரா என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதுக்கு இல்லை என்று பதில் வந்தால் பெரிய மரங்களை அவரிடம் கொடுக்க வேண்டாம், புதரை மட்டும் கொடுங்கள்.