கேள்வி – பதில்: பௌலிங் தடத்தில் எண்ணெயும் உழைப்பும்

சென்ற இதழில் டென்பின் பௌலிங் பற்றி வெளியான சிறிய பதிலைப் படித்துவிட்டு, கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வாசகர்கள் மேலும் பல கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். கனமான பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் இந்த ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கே: என் பெரியப்பா 1970-களில் அமெரிக்காவில், ஆக்ரன் நகரத்து டயர் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். இப்போது எங்களோடு இருக்கிறார். அந்த நாட்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே சனிக்கிழமை மதியம் தொலைக்காட்சியில் பார்த்த பௌலிங்கைத்தான் சொல்வார். கண்ணாடி போட்டு, முடியை ஒட்ட வெட்டிய இடது கைக்காரர் ஒருவர், வென்றாலும் தோற்றாலும் முகம் மாறாமல் நிற்பாராம். பெயர் நினைவில் இல்லை என்கிறார். அவர் யார்? (முத்தியால்பேட்டை வாசகர்)

ப: தங்கள் பெரியப்பா சொல்லும் அடையாளங்கள் அனைத்தும் ஏர்ல் ஆன்தனிக்குப் பொருந்துகின்றன. 1938-இல் பிறந்த அவர், வாஷிங்டன் மாநிலத்தில் மளிகைப் பொருள் மொத்த வணிக நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே அந்த நிறுவனத்தின் அணிக்காக ஆடத் தொடங்கினார். 1963-இல் தொழில்முறைப் போட்டிகளில் இறங்கிப் பார்த்து, ஒன்றும் கைகூடாமல் ஊர் திரும்பி, ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்துவிட்டு மீண்டும் வந்து 1970-இல் தம் முதல் பட்டத்தை வென்றார். ஒரே பருவத்தில் ஒரு லட்சம் டாலர் பரிசுப் பணம் ஈட்டிய முதல் பௌலர் அவர்தான். அது 1975-இல் நடந்தது. 1978-இல் மாரடைப்பு வந்தபோது அவருடைய ஆட்டம் முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். ஆனால் 1981, 1982, 1983 என மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து ஆண்டின் சிறந்த வீரராக அவரே தேர்வானார். 2001-இல் மறைந்தார்.

ஆக்ரனில் வாழ்ந்தவருக்கு இந்த ஆட்டம் இவ்வளவு ஆழமாக மனத்தில் பதிந்திருப்பதில் வியப்பில்லை. எடி இலையஸ் என்னும் வழக்கறிஞர் 1958-இல் 33 உறுப்பினர்களைத் திரட்டித் தொழில்முறை பௌலர்கள் சங்கத்தைத் தொடங்கியது அந்த ஊரில்தான். ஃபயர்ஸ்டோன் டயர் நிறுவனத்தின் பெயரால் நடந்த சாம்பியன்களின் போட்டியும் ஆண்டுதோறும் அங்கேதான் நடந்தது. 1967-இல் அந்தப் போட்டியில் ஜாக் பியோண்டொலிலோ பன்னிரண்டு பந்துகளையும் ஸ்ட்ரைக்காக, அதாவது ஒவ்வொரு பந்திலும் பத்துக் கட்டைகளும் சாயும்படி வீசி, 300 புள்ளிகள் எடுத்தார். தேசியத் தொலைக்காட்சி நேரலையில் மக்கள் பார்த்த முதல் 300 அது. சங்கத்தினர் ஊர் ஊராகச் சென்று ஆடும் போட்டித் தொடரைச் சுற்றுப்பயணம் என்பார்கள். 1962 முதல் 1997 வரை ஏபிசி தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியது. அந்தத் தலைமுறை அமெரிக்கர்களிடம் பேசினால், வர்ணனையாளர் கிறிஸ் ஷென்கலின் குரலோடு சேர்த்துத்தான் பௌலிங்கை நினைவுகூர்வார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரியப்பா பார்த்தது ஒரு வாரத்து உழைப்பின் கடைசித் துண்டு மட்டுமே. அக்காலத்துப் போட்டிகள் பலவற்றில் தகுதிச் சுற்றாக 18 ஆட்டங்கள், பிறகு முதல் 24 பேர் ஒருவரோடொருவர் மோதும் 24 ஆட்டங்கள், ஆக 42 ஆட்டங்கள் ஆடி முடித்த பிறகே ஐந்து பேர் கேமரா முன் வந்து நின்றார்கள். ஐந்தாமவரும் நான்காமவரும் முதலில் மோத, வென்றவர் மூன்றாமவரோடு ஆட, இப்படியே படியேறி வருபவர் கடைசியில் முதலிடத்தவரைச் சந்திப்பார். 42 ஆட்டங்களில் எல்லோரையும் விட அதிகக் கட்டைகளைச் சாய்த்தவர், ஒரே ஆட்டத்தில் தோற்று இரண்டாம் பரிசோடு ஊருக்குப் போனதும் உண்டு. தொலைக்காட்சிக்கு அது விறுவிறுப்பாக இருந்தது. ஆட்டக்காரருக்கு அது இழைத்த அநீதியை அந்த ஒரு மணி நேரம் காட்டவில்லை என்பதே என் கருத்து.

கே: சென்னையில் ஒரு மாலில் தோழிகளோடு பௌலிங் ஆடினேன். முதல் முறையிலேயே மூன்று ஸ்ட்ரைக் விழுந்தன. பிறகு இணையத்தில் ஒரு தொழில்முறைப் போட்டியைப் பார்த்தால், பெரிய சாம்பியன் ஒருவர் அடுத்தடுத்துத் தவறவிடுகிறார். எனக்கே வருவது அவருக்கு வராமல் போவது எப்படி? (கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை)

ப: இரண்டு தடங்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வீசுபவர் தாண்டக் கூடாத கோட்டிலிருந்து முன்னணிக் கட்டை வரை 60 அடி நீளம், 39 பலகைகள் கொண்ட அகலம், 15 அங்குல உயரமுள்ள கட்டைகள் என அளவுகள் எல்லாம் பொது. வேறுபாடு தடத்தின் மேல் தடவப்படும் எண்ணெயில் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது.

மரத் தடமோ செயற்கைத் தடமோ, பந்தின் உராய்வில் தேய்ந்துபோகாமல் இருக்க மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றை இயந்திரம் பூசிவிடும். ஒரு தடத்துக்குச் சில தேக்கரண்டி அளவுதான் ஆகும். எண்ணெய் உள்ள பகுதியில் பந்து சுழன்றபடியே வழுக்கிச் செல்லும். எண்ணெய் முடிந்து உலர்ந்த பகுதி வந்ததும் பிடிப்புக் கிடைத்துக் கட்டைகளை நோக்கி வளையும். பொழுதுபோக்கு அரங்குகளில் நடுப்பகுதியில் எண்ணெயை மிகுதியாகவும் ஓரங்களில் மிகக் குறைவாகவும் பூசுவார்கள். தங்கள் பந்து சற்று வெளியே போனால் உலர்ந்த ஓரம் அதைத் திருப்பி அனுப்பும். சற்று உள்ளே போனால் நடு எண்ணெய் அதை வளையவிடாமல் நேராகக் கொண்டுபோகும். தவறு செய்தவரையும் தடமே கைபிடித்து அழைத்துச் செல்கிறது என்று சொல்லலாம்.

தொழில்முறைப் போட்டியில் அந்தச் சலுகை கிடையாது. ஓரம் வரை ஏறக்குறைய சமமாக எண்ணெய் பூசப்பட்டிருக்கும். அதன் நீளமும் போட்டிக்குப் போட்டி மாறும். சீட்டா, வைப்பர், ஸ்கார்ப்பியன், ஷார்க் என்று அந்தப் பூச்சு வகைகளுக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஒரு பலகை, அதாவது ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் தவறினாலும் அதற்கான விலையைக் கொடுத்தாக வேண்டும். அதோடு முடிவதில்லை. ஒவ்வொரு பந்தும் கொஞ்சம் எண்ணெயைத் துடைத்தெடுத்துக்கொண்டு போகிறது. காலையில் பலித்த வழி மதியம் பலிக்காது. சில சமயம் ஓர் ஆட்டத்தின் நடுவிலேயே மாறிவிடும். பந்து எந்த இடத்தில் வளையத் தொடங்கியது, கட்டைகள் எப்படி விழுந்தன, எதிராளியின் பந்து எந்தப் பகுதியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது என்பவற்றையெல்லாம் பார்த்து, காணாத ஒன்றை ஊகித்து, நிற்கும் இடத்தையும் பந்தையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தாங்கள் பார்த்த சாம்பியனின் கை அன்றைக்குத் தவறியிருக்கும் என்பதைவிட, தடம் மாறியதை அவர் ஒரு பந்து தாமதமாக உணர்ந்திருப்பார் என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என வரிசை வரிசையாக முக்கோணமாய் நிற்கும் கட்டைகளை முன்னிருந்து பின்னாக, இடமிருந்து வலமாக எண்ணுவார்கள். வலது கைக்காரர் சரியான இடத்தில் வீசும் பந்து முதல் கட்டைக்கும் மூன்றாம் கட்டைக்கும் இடையே நுழைகிறது. அந்தப் பந்து நேரடியாகத் தொடுவது 1, 3, 5, 9 ஆகிய நான்கு கட்டைகளை மட்டுமே. மீதி ஆறும் கட்டை கட்டையில் மோதித்தான் விழுகின்றன. முதல் கட்டையை நேராக அடித்தால் பத்தும் விழும் என்று நினைப்பது தவறு. அப்படி அடித்தால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் கட்டைகள் பிரிந்து நின்றுவிடும்.

கே: பத்துச் சுற்றுகள்தானே? பத்துக் கட்டைகள் வீதம் நூறுதானே வர வேண்டும்? 300 எப்படி வருகிறது? (பள்ளி மாணவர், நெல்லித்தோப்பு)

ப: ஸ்ட்ரைக் விழுந்த சுற்றுக்குப் பத்தோடு, அடுத்த இரண்டு பந்துகளில் விழும் கட்டைகளையும் கூட்டிக்கொள்வார்கள். தொடர்ந்து ஸ்ட்ரைக் அடித்தால் ஒவ்வொரு சுற்றும் முப்பது. பத்தாம் சுற்றில் ஸ்ட்ரைக் விழுந்தால் கூடுதலாக இரண்டு பந்துகள் உண்டு. ஆகவேதான் பன்னிரண்டு ஸ்ட்ரைக்.

கே: கடைசி வரிசையின் இரண்டு மூலைகளிலும் ஒவ்வொரு கட்டை நின்றுவிட்டால் இரண்டையும் ஒரே பந்தில் வீழ்த்த முடியுமா? (அதே மாணவர்)

ப: முடியும், ஆனால் அரிது. 7, 10 என்னும் அந்த இரண்டு கட்டைகளையும் தொலைக்காட்சிப் போட்டியில் முதன்முதலாக ஒரே பந்தில் வீழ்த்தியவர் மார்க் ராத்; ஆண்டு 1980, இடம் கலிஃபோர்னியாவின் அலமீடா. 1991-இல் இருவர் அதைச் செய்தார்கள். நான்காவது முறை நிகழ 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கே: ஓட்டமில்லை, பாய்ச்சலில்லை. நாலடி நடந்து பந்தை உருட்டுகிறார்கள். இதற்கு உடல் உழைப்பு என்று பெயரா? தவறாக நினைக்க வேண்டாம், தெரிந்துகொள்ளவே கேட்கிறேன். (வாசகி, மஞ்சக்குப்பம்)

ப: பார்ப்பவர் எல்லோருக்கும் எழும் நேர்மையான ஐயம்தான், அம்மா. கணக்கைச் சொல்கிறேன். பந்தின் உச்ச எடை 16 பவுண்டு, அதாவது ஏழேகால் கிலோ. நல்ல ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பதினைந்து பந்து வீசுகிறார் என்று வைத்துக்கொண்டால், 42 ஆட்டங்களில் ஒரு கை ஏந்தி வீசும் எடை நாலு டன்னைத் தாண்டும். அதுவும் சில நாட்களுக்குள். பயிற்சிக்கு வீசுவது தனி.

முதலில் பாதிக்கப்படுவது கட்டைவிரல். பந்தின் துளைக்குள் நுழைந்து, பந்தின் முழு எடையையும் தாங்கி, விடும் கணத்தில் மற்ற விரல்களுக்கு முன்பாக வழுக்கி வெளியேற வேண்டியது அந்த விரல்தான். துளையின் விளிம்பில் உரசி உரசித் தோல் காய்ப்பேறும். பிறகு காய்ப்பே கிழியும். விரலின் பக்கவாட்டில் ஓடும் நரம்பு தடித்து மரத்துப்போகும் நோய்க்கு மருத்துவர்கள் பௌலரின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். காலையில் விரல் வீங்கியிருக்கும், மாலையில் சுருங்கிவிடும் என்பதால் துளையின் உட்சுவரில் சிறு நாடாத் துண்டுகளை ஒட்டிவைத்து, ஆட்டத்துக்கு ஆட்டம் ஒன்றைச் சேர்ப்பதும் ஒன்றை உரிப்பதுமாக இருப்பார்கள். அந்த நாடா ஒரு தாளின் கனம்கூட இருக்காது. ஆனால் அது சரியாக அமையாவிட்டால் பந்தைப் பிடியோடு இறுக்கிக் கவ்வ நேரும். கவ்வினால் வீச்சின் திசை கெடும்.

அடுத்தது முழங்கால். வலது கைக்காரர் கடைசி அடியில் இடது காலால் வழுக்கிச் சென்று, கோட்டுக்கு முன்பே நின்றாக வேண்டும். நடையின் வேகம், பந்தின் இழுப்பு இரண்டையும் மடங்கிய அந்த ஒரு முழங்கால் நிறுத்துகிறது. இதையெல்லாம் செய்துவிட்டு இரவில் அடுத்த ஊருக்குக் காரோட்டிப் போய், அங்கே நுழைவுக் கட்டணத்தையும் தம் பையிலிருந்து கட்டி ஆடியவர்கள் அந்தச் சுற்றுப்பயணத்தில் ஏராளம். பரிசுப் பட்டியலில் இடம் கிடைக்காத வாரத்தில் கைப்பணம்தான் கரையும். அவர்களின் பெயர் யாருடைய நினைவிலும் இல்லை. ஆன்தனியைப் போற்றும்போது, அவர் 1963-இல் வெறுங்கையோடு திரும்பியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

கே: என் மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற சொல்தா. அவர் காலத்து நண்பர்கள் மாலை வேளைகளில் பெத்தாங் ஆடுவார்கள். அதற்கும் பௌலிங்குக்கும் உறவு உண்டா? (வாசகி, புதுச்சேரி)

ப: இலக்கை நோக்கிக் குண்டை அனுப்பும் ஆட்டங்கள் என்ற வகையில் இரண்டும் ஒரே குடும்பம். பெத்தாங்கில் கட்டைகளைச் சாய்ப்பதில்லை. ஆறு முதல் பத்து மீட்டர் தொலைவில் கிடக்கும் சிறிய மர உருண்டைக்கு அருகே 650 முதல் 800 கிராம் எடையுள்ள உலோகக் குண்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். 13 புள்ளி எடுப்பவர் வெற்றி பெறுவார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்சின் தென்கரையிலுள்ள லா சியோத்தாவில் ஒருவர் மூட்டு வாதத்தால் ஓடி வந்து குண்டு எறிய முடியாமல் தவித்தபோது, நின்ற இடத்திலிருந்தே எறியும்படி விதியை மாற்றியதில்தான் இந்த ஆட்டம் பிறந்தது. பௌலரின் முழங்காலைத் தேய்க்கும் அந்த நடையும் வழுக்கலும் இதில் இல்லாததால், எழுபது வயதைக் கடந்தவரும் இளைஞரோடு சமமாக ஆட முடிகிறது. மண்ணில் உள்ள கல்லும் மேடும் கண்ணுக்குத் தெரிவதால், தங்கள் மாமனார் குனிந்து தரையைப் பார்த்துவிட்டு எறிவதைத் தாங்கள் கவனித்திருக்கலாம். பௌலருக்கும் அதே வேலைதான். பார்க்க மட்டும் ஒன்றும் இருக்காது.

கே: பிளஸ் டூ படிக்கும் என் மகன் பௌலிங்கையே தொழிலாக எடுக்கப்போகிறேன் என்கிறான். விடலாமா? பெண்களும் இதில் இருக்கிறார்களா? சின்னவளும் கேட்கிறாள். (ஒரு தந்தை, திருப்பாதிரிப்புலியூர்)

ப: மகளுக்கு முதலில் பதில் சொல்கிறேன். 2010-இல் சாம்பியன்களின் போட்டி இறுதியாட்டத்தில் கெல்லி குலிக் 265–195 என்ற கணக்கில் கிறிஸ் பார்ன்ஸை வென்று, ஆண்களோடு மோதி அந்தச் சுற்றுப்பயணப் பட்டத்தைப் பெற்ற முதல் பெண்ணானார். ஆசியாவிலும் இந்த ஆட்டத்துக்கு வலுவான மரபு இருக்கிறது. பிலிப்பைன்ஸின் பேங் நெபோமுசெனோ 1976 முதல் 1996 வரை மூன்று வெவ்வேறு பத்தாண்டுகளில் நான்கு முறை உலகக் கோப்பையை வென்றவர். நம் தமிழ்நாட்டின் சப்பீர் தன்கோட் தேசிய சாம்பியன் பட்டத்தைப் பலமுறை பெற்றிருக்கிறார்.

மகனைப் பொறுத்தவரை, படிப்பை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவிலேயே லீக் ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை 1980-க்குப் பிறகு பெருமளவு குறைந்து, தொழில்முறைச் சங்கம் 2000-இல் தனியாருக்கு விற்கப்பட்டது. 1978-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் முதன்முதலாக இடம்பெற்ற பௌலிங், 2023-இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த போட்டியில் சேர்க்கப்படவில்லை. அரசு வேலை, உதவித்தொகை என்று நாம் எதிர்பார்ப்பவை இத்தகைய முடிவுகளைச் சார்ந்தே அமையும்.

ஆனால் தடுக்கவும் வேண்டாம். ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மான்ட் சிறுவயதில் பந்தை ஒரு கையால் தூக்க முடியாமல் இரண்டு கைகளால் வீசப் பழகினார். அந்தப் பாணியை மாற்றிக்கொள்ளச் சொன்னவர்கள் இருந்தும் விடாமல் ஆடிப் பதினைந்து பெரும்பட்டங்களை வென்றிருக்கிறார். தங்கள் மகனைச் சென்னைக்கு அழைத்துச் செல்லும்போது, கட்டைகளைக் கயிற்றில் கட்டித் தூக்கும் இயந்திரம் உள்ள அரங்கைத் தவிர்த்து, அவை தடையின்றி விழும் அரங்கில், ஒரு பயிற்சியாளரின் கீழ் ஆடச் சொல்லுங்கள். அரங்கில் கிடைக்கும் பொதுப் பந்துகளிலேயே பழகினால் கட்டைவிரல் கெடும். ஆர்வம் ஓராண்டு நிலைத்தால், அவன் விரலுக்கு அளவெடுத்துத் துளையிட்ட பந்து ஒன்றை வாங்கிக் கொடுங்கள். செலவில் முதலிடம் அதற்குத்தான், காலணி அடுத்தது.