மொழி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், பையனைக் களத்தில் இறக்குங்கள்

தம்பி, உங்கள் செய்தி கிடைத்தது. பிரான்ஸிலிருந்து ஆகஸ்ட் லீவுக்குப் புதுச்சேரி வந்திருக்கிறேன். உப்பளத்தில் அக்கா வீட்டு மாடியில் உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன், அதனால் பதில் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

நீங்கள் கேட்டது இதுதான். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து குடும்பத்தோடு பாரிஸ் புறநகரான சார்செல் போய் நான்கு மாதம் ஆகிறது. ஊரில் பள்ளி மைதானத்தில் இருட்டும் வரை பேஸ்கட்பால் ஆடிக்கொண்டிருந்த பையன், 13 வயது, அங்கே கொலேஜ் என்கிற நடுநிலைப் பள்ளி விட்டு வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். வாயைத் திறந்தால் பாரிஸ் பாஸ்கெட்பால் கிளப்பைப் பற்றி மட்டும்தான் பேசுகிறான். 2018க்கு முன்னால் இல்லாத ஒரு கிளப் எப்படி பிரான்ஸ் சாம்பியன் ஆனது என்று உங்களிடமே கேட்கிறான். உங்களுக்கோ, முதலில் பிரெஞ்சு வரட்டும், படிப்பு நிலைக்கு வரட்டும், விளையாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணம். இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியில்லை தம்பி. வரிசையை மாற்றுங்கள். முதலில் விளையாட்டு, அதன் வழியாகப் பிரெஞ்சு. நம் பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். மொழி வந்த பிறகு வெளியே போகலாம் என்று வீட்டுக்குள் இருந்த பிள்ளைக்கு மொழி வந்தது மெதுவாகத்தான். சனிக்கிழமை ஒரு ஜிம்னாஸில், அதாவது உள்விளையாட்டு அரங்கில், பத்துப் பிள்ளைகளோடு ஓடிய பிள்ளை, கிறிஸ்துமஸ் வருவதற்குள் தெருப் பிள்ளைகள் பேசுகிற பிரெஞ்சே பேசியது.

பையன் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அவனுக்குப் படித்துக் காட்டுங்கள், அதில் உங்களுக்கும் விஷயம் இருக்கிறது.

அந்தக் கிளப் தொடங்கியது 2018இல். அமெரிக்காவில் மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணியின் நிர்வாகத்தை நடத்திய டேவிட் கான் என்பவர் பங்குதாரர் ஒருவரோடு சேர்ந்து தொடங்கினார். அவர் கணக்கு எளிமையானது. பாரிஸ் இவ்வளவு பெரிய தலைநகரம், சுற்றுப்புறத்தில் தெருவுக்குத் தெரு கூடை தொங்குகிறது, ஆனால் ஊர்ப் பெயரைச் சொல்லும்படி ஐரோப்பாவின் மேல்தட்டில் ஒரு கூடைப்பந்து கிளப் இல்லை. கால்பந்துக்கு ஒரு பெரிய கிளப் இருக்கிறது, இதற்கு இல்லை. அப்போது தெற்கே கடற்கரையோரம் இருந்த இயேர்-தூலோன் கிளப்பிடமிருந்து இரண்டாம் டிவிஷனில் ஆடும் உரிமையை வாங்கி, அந்த இடத்தில் பாரிஸ் வந்து உட்கார்ந்தது. அந்த ஊர் ரசிகர்களுக்கு அது பெரிய அடி. வெற்றிக்கதையைச் சொல்லும்போது பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பையனுக்கு நீங்கள் சொல்லும்போது விடாதீர்கள், ஒரு ஊரின் இடம் போய்த்தான் இன்னொரு ஊருக்கு இடம் கிடைத்தது.

வந்த புதிதில் அவர்களுக்குச் சொந்த அரங்கம் இல்லை, பாரம்பரியம் இல்லை, ரசிகர் கூட்டமும் இல்லை. 13ஆம் வட்டாரத்தில், போர்த் து ஷுவாசிக்குப் பக்கத்தில் இருக்கிற ஜார்ஜ் கார்பாந்தியே என்ற நகரசபை அரங்கத்தில் ஆடினார்கள். 2021இல் முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள். ஏறிய முதல் வருடங்களில் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

திருப்பம் 2023இல் வந்தது. ஜெர்மனியில் பான் (Bonn) நகர அணியை வைத்து அந்த வருடம் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கை ஜெயித்த பின்லாந்துக்காரர் துவோமாஸ் ஈசலோவைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார்கள். அவரோடு டி.ஜே. ஷார்ட்ஸ் என்ற ஆட்டக்காரரும் வந்தார். உங்கள் பையன் உயரம் போதவில்லை என்று கவலைப்படுகிறான் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, ஷார்ட்ஸ் உயரம் 5 அடி 9 அங்குலம்தான். இரண்டு மீட்டர் ஆட்கள் நடுவே புகுந்து, எதிராளி கை தூக்குவதற்குள் பந்தை மேலே மிதக்கவிட்டுக் கூடையில் போடுவார். அந்த அணி ஆடியது ஒரே ஓட்டம். எதிர் அணி கூடை போட்டாலும் சரி, தவறவிட்டாலும் சரி, பந்து கையில் வந்த நொடியில் பாய்வார்கள். 2024 ஏப்ரலில் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோகப் இறுதியில் இன்னொரு பிரெஞ்சு அணியான பூர்கை இரண்டு ஆட்டத்துக்குப் பூஜ்யம் என்று வென்றார்கள். அந்தக் கோப்பையோடு ஐரோப்பாவின் உச்சப் போட்டியான யூரோலீக்கில் ஆடும் இடமும் கிடைத்தது. உள்நாட்டு இறுதியில் மட்டும் மொனாக்கோவிடம் தோற்றார்கள்.

கோப்பை வாங்கின கையோடு ஈசலோ அமெரிக்காவுக்குப் போய்விட்டார். கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். பிரேசில்காரர் தியாகோ ஸ்பிளிட்டர் வந்து அணியை எடுத்துக்கொண்டார். யூரோலீக்கில் அடியெடுத்து வைத்த முதல் வருடமே கடைசி எட்டுக்குள் போனார்கள், அங்கே கோப்பையை வாங்கப்போகிற பெனர்பாச்சேயிடம் தோற்றார்கள். ஆனால் பிரான்ஸில் அந்த 2024-25 பருவம் லீடர்ஸ் கப், பிரெஞ்சு கோப்பை, லீக் மூன்றும் அவர்களுக்கே. லீக் இறுதியில் எதிரே நின்றது மறுபடியும் மொனாக்கோ, அதே வருடம் யூரோலீக் இறுதி வரை போன அணி. ஐந்து ஆட்டம் வரை இழுத்து, மூன்றுக்கு இரண்டு. அந்தப் பருவம் முடிந்ததும் ஸ்பிளிட்டரும் போய்விட்டார், ஷார்ட்ஸும் கிரேக்க நாட்டு பனாதிநாய்கோஸுக்குப் போய்விட்டார். அந்தக் கிளப்பில் யாரும் நிரந்தரம் இல்லை. வருகிறவர்கள் வந்த அன்றைக்கே தோள் கொடுக்கிறார்கள், அதனால்தான் அது நிற்கிறது. வேரூன்றிய பிறகு விளையாடலாம் என்று அவர்கள் இருந்திருந்தால் இன்னும் வேர் தேடிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

இந்த வேகத்துக்குப் பின்னால் பெரிய முதலீடு இருக்கிறது, நகரசபை கட்டிய அரங்கம் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளை வளர்வது அப்படி இருக்காது. அதற்குப் பையன் பார்க்க வேண்டியது பாரிஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும் நாந்தேர். தொனாதியே என்ற குடும்பம் அந்தக் கிளப்பைக் கையில் வைத்து வளர்த்தது. பாஸ்கல் தொனாதியே 1987இல் பயிற்சியாளர் ஆனபோது அது புறநகரின் சின்ன கிளப். படிப்படியாக ஏறி 2011இல்தான் முதல் டிவிஷன், 2013இல் பிரான்ஸ் சாம்பியன். இன்று உலகம் முழுக்கப் பேசுகிற விக்டர் வெம்பன்யாமா சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்தது அங்கேதான். பாரிஸின் ஏற்றம் பார்க்கப் பரவசம், நாந்தேரின் ஏற்றம்தான் என் மனசுக்கு நெருக்கம்.

சரி, இனி செய்ய வேண்டியது. செப்டம்பர் முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு சனி அல்லது ஞாயிறு உங்கள் ஊர் மேரி, அதாவது நகராட்சி, ஒரு சங்கத் திருவிழா நடத்தும். ஊரில் உள்ள விளையாட்டு, நடனம், இசைச் சங்கங்கள் எல்லாம் ஆளுக்கொரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். தேதி மேரியின் பலகையில் இருக்கும். பையனைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள், அவன் வயதுப் பிரிவில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். அவனுக்கு 15 வயதுக்குட்பட்டோர் அணி. மேசையில் இருப்பவரிடம் இங்கிலீஷில் பேசத் தயங்க வேண்டாம். அதைவிட, பையனையே பேச விடுங்கள். ஒரு பயிற்சிக்கு வந்து ஆடிப் பார்க்கட்டும் என்பார்கள். பணம் கட்டுவதற்கு முன் இது எல்லா இடத்திலும் கிடைக்கும்.

அங்கே விளையாட்டு என்பது பள்ளியைவிட இந்தச் சங்கங்களின் கையில்தான் இருக்கிறது, 1901ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கிற லாப நோக்கமில்லாத சங்கங்கள். வருடச் சந்தா கட்டினால் லிசான்ஸ் என்ற விளையாட்டு உரிமம் தருவார்கள், அது இருந்தால்தான் போட்டியில் ஆட முடியும். ஊருக்கு ஊர் தொகை மாறும், பாரிஸ் பக்கத்தில் 200 யூரோ அக்கம்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாகக் கட்ட வேண்டியதில்லை, தவணையாக வாங்கிக்கொள்வார்கள். வருமானத்தைப் பொறுத்து மேரி உதவி செய்வதும் உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். சிறுவர்களுக்கு உடல்நலக் கேள்வித்தாள் ஒன்றை நீங்களே நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் இல்லை என்ற பதில் வந்தால் டாக்டர் சர்டிபிகேட் தேவைப்படாது. ஏதாவது காரணத்தால் கிளப்பில் இடம் கிடைக்காவிட்டால், கொலேஜிலேயே புதன்கிழமை மதியம் விளையாட்டுச் சங்கம் உண்டு, செலவு மிகக் குறைவு.

இதில் பிள்ளைக்கு மட்டும் வேலை என்று நினைக்காதீர்கள். வெளியூர் ஆட்டத்துக்குப் பிள்ளைகளைப் பெற்றோர்தான் முறைவைத்துக் காரில் கூட்டிப்போவார்கள். அணியின் பனியன்கள் ஒரு பெரிய பையில் வாரம் ஒரு வீடாகச் சுற்றும், உங்கள் முறை வரும்போது துவைத்துக் காயவைத்து அடுத்த சனிக்கிழமை கொண்டுபோக வேண்டும். என் மகள் ஆடிய காலத்தில் முக்கால்வாசி நேரம் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான். கூடை போட்டவரின் எண்ணை, பவுல் செய்தவரின் எண்ணை உடனுக்குடன் லேப்டாப்பில் பதிய வேண்டும். பக்கத்தில் ஓர் அல்ஜீரிய அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார். நடுவர் விரல்களால் எண்ணைக் காட்டுவார், எனக்குப் புரியாவிட்டால் அந்த அம்மா காதோரம் சொல்வார். இடைவேளையில் ஆரஞ்சுச் சுளை, ஆட்டம் முடிந்தால் வீட்டில் செய்த கேக். ஒரு நாள் என் மனைவி அதிரசம் செய்து கொடுத்துவிட்டாள், தட்டு காலியாகி இரண்டு பேர் செய்முறை கேட்டார்கள். எங்கள் கட்டிடத்தில் யார் நல்ல வேலைக்கு ஆள் தேடுகிறார்கள், எந்த டாக்டர் நன்றாகப் பார்ப்பார் என்றெல்லாம் எனக்குத் தெரிந்தது அந்த மேசையில்தான்.

எங்கள் புதுச்சேரி முன்னோர் போனது வேறு விதம். 1962இல் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைப்பது முழுமையானபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பங்களுக்கு ராணுவமே ஊராகவும் உறவாகவும் இருந்தது. எங்கள் அப்பா காலத்து ஆட்களுக்கு அறிமுகம் தேட வேண்டிய அவசியம் இருந்ததில்லை. உங்களைப் போல் தனியாக வேலைக்கு வருகிற குடும்பத்துக்கு அப்படி ஒரு கூடு இல்லை. நம் தமிழ்ச் சங்கங்கள் உண்டு, பொங்கல், தீபாவளிக்கு அவசியம் வாருங்கள். ஆனால் பையன் வருடத்துக்கு நான்கு விழாவில் நண்பர்களைச் சேர்த்துவிட முடியாது. வாரம் இரண்டு பயிற்சி, ஒரு ஆட்டம், அங்கேதான் சேருவான்.

படிப்பு கெட்டுவிடுமோ என்ற பயம் நியாயமானது. அவன் இப்போது இருக்கிற புதிதாக வந்தவர்களுக்கான வகுப்பில் பிரெஞ்சு நன்றாகவே சொல்லித் தருவார்கள், ஆனால் அங்கே எல்லோருமே புதியவர்கள். பிரெஞ்சுப் பிள்ளைகளோடு பேசுகிற நேரம் வெளியேதான் கிடைக்க வேண்டும். பயிற்சி நாட்களில் வீட்டுப்பாடத்தை ஆறு மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒரே ஒரு விதி வையுங்கள். போட்டியில் ஆட ஆசை இருக்கிற பிள்ளை அதை மீறாது. தொழில்முறை ஆட்டக்காரன் ஆகிவிடுவான் என்ற கனவை மட்டும் நீங்கள் ஊட்ட வேண்டாம். அந்தக் கதவு மிகச் சிறியது, பயிற்சி மையங்களில் இடம் பிடிப்பதே கஷ்டம். அவனாகக் கனவு கண்டால் தடுக்கவும் வேண்டாம்.

அப்புறம் அந்த அரங்கம். போர்த் து லாச்சப்பலில் அடிடாஸ் அரீனா, 2024 பிப்ரவரியில் திறந்தார்கள், ஒலிம்பிக்கில் பேட்மின்டன் நடந்த இடம். எட்டாயிரம் பேர் உட்காரலாம். அந்தப் பகுதிக்குப் பல வருடமாகக் கெட்ட பெயர், இப்போது ஆட்ட நாட்களில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அரங்கத்தோடு சேர்த்து வட்டாரப் பிள்ளைகளும் பள்ளிகளும் ஆட இரண்டு ஜிம்னாஸ் கட்டியிருக்கிறார்கள், எனக்கு அந்தத் திட்டத்தில் மிகப் பிடித்தது அதுதான். யூரோலீக் ஆட்டத்தைவிட பிரெஞ்சு லீக் ஆட்டத்துக்கு டிக்கெட் மலிவு, முதல் தடவைக்கு அதுவே போதும். மேல் வரிசையில் வாங்குங்கள், ஐந்து பேரும் எப்படி நகர்கிறார்கள் என்பது மேலிருந்துதான் தெரியும். முரசு அடித்துக்கொண்டே இருக்கிற ரசிகர் கூட்டத்துக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் அதுவும் ஒரு காட்சி.

சார்செல்லிலிருந்து ஆர்.இ.ஆர். டி ரயில் பிடித்துக் கார் து நோர் நிலையம் வந்துவிட்டால் நம் லாச்சப்பல் கடைத்தெரு காலடியில். ஈழத்து உறவுகள் கட்டியெழுப்பிய தெரு அது, உங்களுக்கே தெரியும். ரூ பஜோலில் மாணிக்க விநாயகரைப் பார்த்துவிட்டு, அப்படியே மேலே நடந்தால் மார்க்ஸ் தோர்முவா, அங்கிருந்து அரங்கத்துக்கு மெத்ரோ 12இல் ஒரே நிறுத்தம். ஆட்டம் முடிந்து திரும்பும்போது கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறலாம்.

செப்டம்பர் தொடக்கத்தில் நான் திரும்பிவிடுவேன். சங்கத் திருவிழா தேதி தெரிந்ததும் எழுதுங்கள், முடிந்தால் நானும் சார்செல் வருகிறேன். ஜிம்னாஸுக்குள் வெளியே போட்டுத் திரிந்த ஷூவோடு விடமாட்டார்கள், உள்ளே மட்டும் போட ஒரு ஜோடி தனியாக வேண்டும். அதை இப்போதே வாங்கிவிடுங்கள், பள்ளி திறக்கிற வாரத்தில் அவன் அளவு கடையில் கிடைக்காது.