தளர்த்தத் தெரிந்தால் அழுத்தம் வரும்: ஆங்கில ஒலிப்பு குறித்த கேள்வி பதில்

கேள்வி: நான் ஆங்கில முதுகலை மாணவி. ஒலியியல் தாளில் சொற்களுக்கு அழுத்தக் குறி இடுவதிலும் அவற்றை ஒலிக்குறியில் எழுதுவதிலும் எனக்குத் தடுமாற்றம் இல்லை. ஆனால் நான் பேசியதைப் பதிவு செய்து கேட்டால் எல்லா அசைகளும் ஒரே கனத்தில் விழுகின்றன. எழுத்தில் வந்தது பேச்சில் ஏன் வரவில்லை?

பதில்: அழுத்தக் குறி இடப் பழகும்போது நம் கவனம் முழுவதும் அழுத்தம் பெறும் அசைமேலேயே நிற்கிறது. பேசும்போது அந்த அசையைச் சற்று ஓங்கிச் சொல்லிவிட்டால் போதும் என்றும் எண்ணிவிடுகிறோம். பெரும்பாலான மாணவர்கள் சறுக்குவது இங்கேதான் என்பது என் உறுதியான கருத்து. ஆங்கிலத்தில் ஓர் அசை அழுத்தமாகக் கேட்பதற்குச் சுருதி மாற்றம், நீளம், ஒலியளவு, உயிரொலியின் முழுமை ஆகியவை சேர்ந்து காரணமாகின்றன. இவற்றுள் ஒலியளவின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. அக்கம்பக்கத்து அசைகள் குறுகி மங்கினால்தான் நடுவில் உள்ள அசை எடுப்பாகத் தெரியும்.

‘ஃபோட்டோகிராஃப்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அழுத்தம் முதல் அசையில் இருக்கிறது. படம் எடுப்பவரைக் குறிக்கும் சொல்லில் அது இரண்டாம் அசைக்கு நகர்கிறது. நகர்ந்தவுடன் முதல் அசையின் ‘ஓ’ மங்கிப்போய், ஏறத்தாழ ‘ஃபடாக்ரஃபர்’ என்று சொல் ஒலிக்கிறது. ‘ஃபோட்டக்ராஃபிக்’ என்னும்போது அழுத்தம் மூன்றாம் அசைக்குச் செல்ல, இரண்டாம் அசை மங்குகிறது. நாமோ எழுத்தைப் பார்த்து மூன்று சொற்களிலும் ‘ஃபோட்டோ’வை முழுமையாக ஒலித்துவிடுகிறோம். பிறகு எந்த அசையை ஓங்கிச் சொன்னாலும் அது தனித்துக் கேட்பதில்லை.

இப்படி மங்கிய உயிரொலிகளில் முதன்மையானது ‘ஷ்வா’. ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலி இதுதான். ஆனால் ஆங்கில நெடுங்கணக்கில் இதற்கெனத் தனி எழுத்து இல்லை. தமிழருக்கு இது முற்றிலும் புதியதன்று. ‘பட்டு’, ‘நாடு’ போன்ற சொற்களின் இறுதி உகரத்தை இதழ் குவிக்காமல், அரை மாத்திரை அளவில் சொல்லிச் செல்கிறோம். ‘பசு’ என்பதன் உகரத்தை அப்படிச் சொல்வதில்லை. குற்றியலுகரத்தைக் குறுக்கத் தெரிந்த நாக்குக்கு ஷ்வாவும் பழகும். ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வையுங்கள்: நம் குறுக்கம் பெரும்பாலும் சொல்லின் இறுதியில் நிகழ்வது; ஆங்கிலத்தில் அது சொல்லின் எந்த இடத்திலும் நிகழும்.

‘டு’, ‘ஆஃப்’, ‘ஃபார்’, ‘கேன்’ போன்ற சிறு சொற்களுக்கும் தளர்ந்த வடிவம் உண்டு. ‘ஐ கேன் கோ’ என்பதில் ‘கேன்’ கிட்டத்தட்ட ‘க்கன்’ என்று சுருங்குகிறது. அதை முழு உயிரொலியோடு நிறுத்திச் சொன்னால், குறிப்பாக அமெரிக்க ஆங்கிலம் பேசுபவர், ‘முடியாது’ என்று நீங்கள் சொன்னதாகவே புரிந்துகொள்ளக்கூடும். ஆகவே ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு, அழுத்தம் பெறாத அசைகளை மட்டும் பென்சிலால் அடித்துவிட்டு, அவற்றை எவ்வளவு இலேசாகக் கடக்க முடியும் என்று சில வாரங்கள் பழகிப் பாருங்கள்.

கேள்வி: ஆங்கிலச் சொல்லழுத்தத்துக்கு விதி உண்டா, அல்லது ஒவ்வொரு சொல்லாக மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பதில்: விதிகள் உண்டு. மொழியியலாளர்கள் சாம்ஸ்கியும் ஹாலியும் 1968இல் வெளியிட்ட நூல், இந்த அழுத்தத்தின் பெரும்பகுதியை விதிகளால் விளக்கிவிடலாம் என்று காட்ட முயன்றது. உங்கள் தேவைக்கு விகுதிகளைப் பற்றிய அறிவு முதலில் போதும். ‘ஷன்’, ‘இக்’, ‘இட்டி’ என முடியும் சொற்களில் விகுதிக்கு முந்தைய அசை அழுத்தம் பெறும்; ‘எஞ்சினியர்’, ‘வாலண்டியர்’ போன்றவற்றில் இறுதி அசையே பெறும். ‘பாலிட்டிக்ஸ்’, ‘கேத்தலிக்’ போன்ற விலக்குகளை அகராதி பார்த்துத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேச்சின் ஏற்ற இறக்கம் பற்றி மொழியியலாளர் ஹாலிடே சொன்ன மூன்று கூறுகளைப் படித்துவருகிறோம். அவற்றில் எதை முதலில் பயில வேண்டும்?

பதில்: பேச்சைச் சிறு சிறு பகுதிகளாகப் பகுப்பது, ஒவ்வொரு பகுதியிலும் சுருதி திரும்பும் மைய அசையைத் தேர்வது, அந்த அசையில் சுருதி ஏறுகிறதா இறங்குகிறதா என்பது ஆகியவை அவர் 1967இல் பிரித்துக் காட்டிய மூன்று கூறுகள். தமிழ் மாணவர்கள் இரண்டாவதற்கே முதலிடம் தர வேண்டும் என்பேன்.

காரணம் நம் மொழியின் அமைப்பில் இருக்கிறது. ‘அவர்தான் நேற்று வந்தார்’, ‘அவர் நேற்றுத்தான் வந்தார்’ என்று ‘தான்’ என்பதை இடம் மாற்றி வைத்து, எதை வலியுறுத்துகிறோம் என்பதைத் தெளிவாக்கிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ‘ஹி கேம் யெஸ்டர்டே’ என்ற அதே மூன்று சொற்களில், சுருதி எந்தச் சொல்லில் திரும்புகிறதோ அதுவே அந்த வேலையைச் செய்கிறது. ‘பேனா வேண்டுமா?’ என்று ஒருவர் கேட்க, ‘என்னிடம் பேனா இருக்கிறதே’ என்கிறோம். இந்த ஏகாரத்தின் பொருளை ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் எ பென்’ என்பதில் ‘ஹேவ்’ மேல் விழும் அழுத்தம் தருகிறது. முன்பே பேச்சில் வந்துவிட்ட ‘பென்’ தாழ்ந்து செல்கிறது. வாக்கியத்தின் கடைசிச் சொல் என்பதற்காக அதையே அழுத்தினால், கேட்டவர் சொன்னது நம் காதில் விழவில்லையோ என்று தோன்றிவிடும்.

தாய்மொழியல்லாதோர் தமக்குள் ஆங்கிலம் பேசும்போது புரிதலுக்கு இன்றியமையாதவை எவை என்று ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல் வகுத்த பட்டியலிலும் மைய அழுத்தம், அதாவது மைய அசையில் விழும் அழுத்தம், இடம்பெறுகிறது. சொல்லழுத்தத்தை அவர் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதில் எனக்கு உடன்பாடில்லை; சொல்லுக்குள் எந்த அசை அழுத்தம் பெறும் என்று தெரியாமல் மைய அழுத்தத்தைச் சரியான அசையில் வைக்க இயலாது.

சுருதியின் திசைக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். வாக்கிய இறுதியில் ‘இஸிண்ட் இட்?’ என்பதை ஏற்றிச் சொன்னால் உண்மையாகவே கேட்கிறீர்கள். இறக்கிச் சொன்னால் எதிரில் இருப்பவரின் ஒப்புதலை எதிர்பார்க்கிறீர்கள்.

கேள்வி: ஆங்கிலத்தில் அழுத்தங்கள் சம இடைவெளியில் வரும் என்று பாடநூல் சொல்கிறது. தேர்வில் அப்படியே எழுதலாமா?

பதில்: கருத்தின் வரலாற்றோடு சேர்த்து எழுதுங்கள். அழுத்தங்கள் சம இடைவெளியில் வரும் மொழிகள், அசைகள் சம இடைவெளியில் வரும் மொழிகள் என்ற பாகுபாட்டை மொழியியலாளர் பைக் 1945இல் முன்வைத்தார். எல்லா மொழிகளுக்கும் பொருந்துவதாக ஆபர்குரோம்பி 1967இல் விரித்துரைத்தார். ஆனால் பீட்டர் ரோச் 1982இல் பல மொழிகளின் பேச்சை அளந்தபோது இடைவெளிகள் அவ்வாறு சமமாக அமையவில்லை. கேட்பவரின் மனத்தில் எழும் தாள உணர்வு என்ற அளவில் அதைக் குறிப்பிடுவதே சரியானது.

கேள்வி: பிரிட்டிஷ் உச்சரிப்பா, அமெரிக்க உச்சரிப்பா? தனியாகப் பயிற்சி செய்ய வழி உண்டா?

பதில்: எதுவானாலும் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். சொல்லழுத்தத்தில் இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ‘லெபாரட்டரி’ போன்ற சில சொற்களில்தான் வேறுபாடு, பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இரண்டாம் அசை, அமெரிக்க ஆங்கிலத்தில் முதல் அசை.

பயிற்சிக்கு ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பூர்ஸ்மாவும் வேனிங்கும் உருவாக்கிய, பேச்சின் சுருதியைக் கோடாக வரைந்து காட்டும் ‘பிராட்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எழுத்து வடிவமும் கிடைக்கும் அரை நிமிடப் பதிவு ஒன்றைத் தேர்ந்து, முதலில் எழுத்தைப் பாராமல் பலமுறை கேளுங்கள். பிறகு மைய அசைகளை அடிக்கோடிட்டு, அதே பகுதியை நீங்கள் பேசிப் பதிவு செய்து, இரண்டின் சுருதிக் கோடுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ‘ப்’, ‘ஸ்’ போன்ற குரலற்ற ஒலிகள் வரும் இடங்களில் கோடு அறுந்திருக்கும், அது இயல்பே. கோட்டின் உயரம் ஒத்திருக்க வேண்டியதில்லை, ஏனெனில் அது ஒவ்வொருவரின் குரலைப் பொறுத்தது. கோடு திரும்பும் அசை மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.