கொடி மாறியபோது பள்ளியில் இருந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

தைவான் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஜப்பான் ஆட்சியில் வளர்ந்த தைவான் முதியவர்கள் சிலர் அந்தக் காலத்தை ஏக்கத்தோடு பேசுவதாக எழுதியிருந்தீர்கள். ஐம்பது வருடம் அடக்கி ஆண்டவர்களைப் புகழ்வது அடிமைப் புத்தி இல்லாமல் வேறென்ன?

கே., கோவை

அன்புள்ள கே.,

அடிமைப் புத்தி என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். அவர்கள் எந்த வயதில் எதைப் பார்த்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

1895இல் ஷிமோனோசெகி ஒப்பந்தப்படி சீனாவை ஆண்ட சிங் அரசு தைவானை ஜப்பானுக்குத் தாரைவார்த்தபோது தீவில் பெரியவர்கள் ஆயுதம் எடுத்தார்கள். 1925 வாக்கில் பிறந்த பையனுக்கு அது தாத்தா சொன்ன கதை. அவனுக்கு ஆட்சி என்றால் பள்ளிக்கூடம்தான். வீட்டில் ஹோக்லோ அல்லது ஹக்கா என்ற சீன வழக்குமொழி, வகுப்பில் ஜப்பானிய மொழி. 1937இல் செய்தித்தாள்களின் சீனமொழிப் பக்கங்கள் நின்றன. 1940இல் பெயரையும் ஜப்பானியப் பெயராக மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். பின்னாளில் தைவான் அதிபரான லீ தெங்-ஹுய் அப்போது இவாஸாத்தோ மஸாஓ, படித்தது கியோத்தோவில்.

போரில் ஜப்பான் தோற்றது, 1945 அக்டோபர் 25 அன்று ஆட்சி சீன அரசின் கைக்கு மாறியது. தாய்நாடு வந்துவிட்டது என்று வீதியில் கூடி வரவேற்றவர்களில் இதே இளைஞர்களும் உண்டு. (ஏக்கக்காரர்கள் இதைச் சொல்வது குறைவு.) புதிய அரசின் மொழியான மாண்டரின் சீனம் அநேகமாக யாருக்கும் தெரியாது. ஆசிரியர்களே முதல்நாள் கற்ற பாடத்தை மறுநாள் வகுப்பில் நடத்தினார்கள். சரியாக ஒரு வருடத்தில், 1946 அக்டோபரில், பத்திரிகைகளில் ஜப்பானிய மொழிக்குத் தடை. இருபது வயதில் கவிதை எழுதிக்கொண்டிருந்தவன் கைநாட்டுக்காரன் மாதிரி நின்றான். பெரிய பதவிகள் சீனாவிலிருந்து வந்தவர்களுக்குப் போயின, அரிசி விலை எகிறியது. ‘நாய் போச்சு, பன்றி வந்தது’ என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்; நாய் ஜப்பான்காரன், பன்றி சீனாவிலிருந்து வந்தவன். நாய் கடித்தாலும் வீட்டைக் காக்குமாம், பன்றி தின்ன மட்டும் செய்யுமாம்.

1947 பிப்ரவரி 28இல் புதிய ஆட்சிக்கு எதிராக வெடித்த கிளர்ச்சியைச் சீனாவிலிருந்து படை வந்து நசுக்கியது. இறந்தவர்கள் 18,000 முதல் 28,000 வரை என்று 1992இல் அரசு வெளியிட்ட அறிக்கையே மதிப்பிடுகிறது. அப்புறம் 1949 முதல் 1987 வரை இராணுவச் சட்டம். இத்தனை வருடம் வாய்விட்டுச் சொல்ல முடியாத கோபம் பழைய பள்ளி நாட்களின் நினைப்பில் போய் ஒதுங்கிக்கொண்டது என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த ஏக்கத்தில் பெரும்பங்கு பின்னால் வந்தவர்கள் கொடுத்தது.

அதற்காக அவர்கள் சொல்வதை அப்படியே ஏற்கவும் என்னால் முடியாது. பள்ளிப் படிப்பால் மேலே வந்தவர்களின் குரல்தான் நமக்கு அதிகம் கேட்கிறது. ஆமிஸ் பழங்குடியைச் சேர்ந்த அத்துன் பலாலினை எடுத்துக்கொள்ளுங்கள். நகாமுரா தெருஓ என்ற பெயரில் 1943இல் ஜப்பான் படையில் சேர்ந்தார். போர் முடிந்தது தெரியாமல் இந்தோனேசியாவின் மொரோத்தாய் தீவுக் காட்டில் இருந்தவரை 1974 டிசம்பரில்தான் கண்டுபிடித்தார்கள். ஊர் திரும்பினால் லீ குவாங்-ஹுய் என்று சீனப் பெயர் காத்திருந்தது, மனைவி வேறு திருமணம் செய்திருந்தார். அவர் ஜப்பான் குடிமகன் இல்லை என்பதால் ஓய்வூதியம் கிடையாது என்றது டோக்கியோ. சம்பள பாக்கி என்று கணக்குப் பார்த்துக் கொடுத்தது 68,000 யென். பத்திரிகைகள் கொதித்து எழுதிய பிறகுதான் கூடுதலாகக் கொஞ்சம் பணம் வந்தது.