ஜனவரி 7 – ஒரு கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சென்ற வாரம் ‘போருக்கு எந்தக் காலத்திலும் நியாயம் கிடையாது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரன் பிள்ளைகளை வெட்டிக்கொண்டிருந்தால் கதவை உடைப்பதும் தப்பா? ஹிட்லரோடு போரிட்டவர்களை என்ன சொல்வீர்கள்?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

அவசரத்தில் எழுதிய வரி. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஹிட்லரை விட்டுவிடுவோம். இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் அவரைத்தான் இழுத்து வருகிறார்கள், யோசனை அங்கேயே நின்றுவிடுகிறது. உங்கள் பக்கத்து வீட்டுக் கதை அச்சாக நடந்த இடம் கம்போடியா.

1975 ஏப்ரலில் போல் பாட்டின் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் அங்கே ஆட்சியைப் பிடித்தது. நான்கு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. பட்டினி, நோய், கொலை என்று 15 முதல் 20 லட்சம் பேர் செத்தார்கள். நாட்டின் ஜனத்தொகையே 80 லட்சம் சுமார்தான். 1978 டிசம்பர் 25 அன்று வியட்நாம் படை பெரும் பலத்தோடு உள்ளே நுழைந்தது. ஜனவரி 7-ல் தலைநகர் புனோம் பென் விழுந்தது. அங்கே துவோல் ஸ்லெங் என்றொரு சிறை, முன்பு பள்ளிக்கூடமாக இருந்தது. வகுப்பறைகளைச் செங்கல் வைத்துத் தடுத்து ஆள் படுக்கிற அளவுக்கு அறைகள் கட்டியிருந்தார்கள். மாடி வராந்தா முழுக்க முள்கம்பி. கைதி குதித்துச் செத்துவிடக் கூடாதாம்! நாற்றத்தை வைத்து உள்ளே போன வியட்நாமியப் புகைப்படக்காரர்கள் இரும்புக் கட்டில்களோடு பிணைத்த பிணங்களைப் பார்த்தார்கள்.

சரி, வியட்நாம் இரக்கப்பட்டா போனது? இல்லை. 1978 ஏப்ரலில் கெமர் ரூஜ் எல்லை தாண்டி வந்து பா சுக் என்ற ஊரில் 3,000 பேருக்கு மேல் கொன்றிருந்தது. தன் வீட்டுக் கூரையில் நெருப்பு விழுந்த பிறகுதான் எழுந்தார்கள். அதனால் என்ன? அடுத்து அந்தக் கட்டிலில் கிடக்க வேண்டியவன், வந்தவனின் உள்நோக்கத்தையா விசாரிப்பான்? அதைத் தோண்டித் துருவியது ஐ.நா. அங்கே கம்போடியாவின் நாற்காலி அதற்கப்புறமும் பல வருஷம் போல் பாட் தரப்பிடமே இருந்தது. அமெரிக்காவும் சீனாவும் அதற்குத் துணை நின்றன.

ஆக, கதவை உடைத்தது சரி என்கிறேன். என் சங்கடம் அதற்கப்புறம்தான். வந்தவர்கள் 1989 வரை போகவில்லை. போல் பாட் படை திரும்பி வராதபடி தாய்லாந்து எல்லை நெடுக அரண் போடவும் கண்ணிவெடி புதைக்கவும் காடு வெட்டவும் கம்போடிய கிராமத்து ஆட்களைக் கட்டாயமாகப் பிடித்துப் போனார்கள். மலேரியாவில் செத்தவர்கள் ஏராளம். சீக்கிரம் கிளம்பியிருந்தால் போல் பாட் திரும்பி வந்திருப்பான் என்பார்கள். வந்திருக்கலாம், அதை என்னால் மறுக்க முடியவில்லை.

கம்போடியாவில் ஜனவரி 7 அரசு விடுமுறை. இனப்படுகொலையிலிருந்து மீண்ட நாள் என்று ஆளும் கட்சி கொண்டாடுகிறது. அன்றுதான் அந்நிய ஆக்கிரமிப்பு தொடங்கியது என்று எதிர்ப்பவர்கள் சொல்கிறார்கள். துவோல் ஸ்லெங்கை நினைத்தால் முதல் பக்கம், அந்த எல்லைக் காட்டை நினைத்தால் இரண்டாவது. நான் இன்னும் இப்படித்தான் மாறி மாறி நிற்கிறேன்.